பதுளை மலையில் இரண்டு சைக்கிளும் ஒரு தராசும்

பதுளை ஸ்டேஷனில் இறங்கியதும் முதலில் குழம்பியது என் காதுதான். இலங்கைத் தமிழ் பாதி புரியாது, சமாளித்துக்கொள்கிறேன் என்று மனைவியிடம் பெரிதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். என்னை அழைத்துப்போக வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்ட மகேந்திரன், "வாங்கண்ணே, கொஞ்சமாச்சும் தூங்குனீங்களா? கடையில சாப்பிட்டுட்டே போவோம்" என்றார். உறையூரில் என் தெருமுனையில் ஆட்டோ ஓட்டுகிறவர் இதையே இப்படியேதான் சொல்லியிருப்பார். கடல் தாண்டி வந்து மறுபடி திருச்சியிலேயே இறங்கின மாதிரி இருந்தது. குளிர் மட்டும் திருச்சி இல்லை.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. சைக்கிள் பைத்தியம். ஆனால் சைக்கிள் ஓட்டியதைவிடச் சைக்கிளைப் பற்றிப் படித்தது அதிகம், படித்ததைவிட எழுதியது அதிகம். மலைச் சைக்கிளைப் பற்றித் தமிழில் எழுத ஆள் கிடையாது என்பதால் இணையத்தில் நான் நிபுணன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நான் ஓட்டுவதெல்லாம் கல்லணை ரோட்டில். அதில் மேடு என்றால் ஒரு பாலம்தான்.

இது எதுவும் தெரியாத செல்வராணி, பதுளைக்குத் தள்ளி நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எனக்கு மாதக்கணக்கில் கேள்வி அனுப்பிக்கொண்டிருந்தாள். நானும் பதில் அளந்துகொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு நூலகக் கூட்டத்துக்கு வருவதாக நான் எழுதியதும், "ஒரு எட்டு இங்கயும் வாங்கண்ணே. ரெண்டு வண்டியில ஒண்ணு எடுக்கணும். நீங்க பாத்துச் சொன்னா எனக்குத் தைரியமா இருக்கும்" என்று எழுதினாள். மகேந்திரன் அவளுடைய கணவர், த்ரீவீலர் ஓட்டுகிறவர், நம் ஊர் ஆட்டோதான் அது. இப்படி ஒருத்தர் கூப்பிட்டால் யாருக்குத்தான் தலைக்கனம் ஏறாது. நான் ரயில் ஏறிவிட்டேன்.

கடையில் முதல் சறுக்கல். உட்கார்ந்ததும் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, மீன் பனிஸ் கொண்டுவந்து வைத்தார்கள். வைத்ததை மிச்சம் விடக் கூடாது என்று வளர்ந்தவன் நான். மூச்சு வாங்க அத்தனையையும் தின்று முடித்தேன். மகேந்திரன் பாலில்லாத பிளேன்டீயைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்தக் கடையில தட்டை அப்படியே வச்சிருவாங்கண்ணே. வேணுங்கிறத மட்டும் எடுக்கிறது, மிச்சத்த அடுத்த மேசைக்குக் கொண்டு போயிருவாங்க" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று எனக்குக் கோபம். "பசியில இருக்கீங்களோன்னு விட்டுட்டேன்" என்றார். அதற்குமேல் என்ன சண்டை போடுவது.

த்ரீவீலர் மலை ஏற ஏற இரண்டு பக்கமும் தேயிலை. வளைவுக்கு வளைவு ஒரு லயம். ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி இருக்கிற வீட்டு வரிசையைத்தான் அங்கே லயம் என்கிறார்கள். அதில் ஒன்றில் செல்வராணி இருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். ஒல்லியாக, விறைப்பாக, கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பெண். நான்கு வயது மகள் நிஷா அவள் இடுப்பிலிருந்து இறங்கவே இல்லை. செல்வராணியின் அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார்.

தேநீர் கையில் வந்ததுமே அவள் விஷயத்துக்கு வந்துவிட்டாள். எல்ல என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒருவர் வெளிநாட்டுக்காரர்களைத் தேயிலைப் பாதைகளில் சைக்கிளில் கூட்டிப்போகிற தொழில் நடத்துகிறார். சிங்களவர், ஓரளவு தமிழ் பேசுவார். எல்லோரும் அவரை முதலாளி என்றே சொன்னார்கள். அவருக்குப் பாதை தெரிந்த ஒரு வழிகாட்டி வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த மலையில் சைக்கிள் விட்டவள் செல்வராணி. சனிக்கிழமை ஒரு கூட்டத்தை அவள் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். சரியாக வந்தால் வேலை. வழிகாட்டிக்கு என்று ஒரு சைக்கிள் வாங்கித் தருவார், அதை அவளே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு அது சரியில்லை இது சரியில்லை என்று வந்து நிற்கக் கூடாது.

"சரியா வரலன்னா?" என்று கேட்டேன்.

"குவைத்துக்கு. வீட்டு வேலை. ஏஜென்சிக்காரர் பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிருக்காரு. திங்கக்கெழம முடிவு சொல்லணும்" என்றாள். பிறகு மகளைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு வருசம்ணே. இவ என்னைய மறந்துருவா" என்றாள்.

ஏதோ சைக்கிள் பார்க்க வந்தேன், ஒரு குடும்பத்தைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார்களே என்று பயமாக இருந்தது. கல்லணை ரோட்டைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னொரு தேநீர் கேட்டேன்.

மறுநாள் புதன்கிழமை பண்டாரவளை போனோம். சைக்கிள் கடை ரிஸ்வி நானாவுடையது. நானா என்றால் அண்ணன். ஊரே முஸ்லிம் வியாபாரிகளை அப்படித்தான் கூப்பிடுகிறது. கடையின் பின்பக்கத்தில் இரண்டும் நின்றன. முன்னாலும் பின்னாலும் குலுக்கலை வாங்கிக்கொள்கிற ஷாக் வைத்தவை, யாரோ ஓட்டிவிட்டுக் கொடுத்தவை. ஒன்று சாம்பல் நிறம், மெலிந்தது, லேசானது. அதன் ஷாக் நூறு மில்லிமீட்டர்தான் அமுங்கும். இன்னொன்று பச்சை, நீளம் கூடியது, கனமானது. அது நூற்று முப்பது அமுங்கும். இந்த முப்பது மில்லிமீட்டரை வைத்து நான் இதுவரை எழுதித் தள்ளியிருக்கிற கட்டுரைகளை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

"நீங்க இந்தியாவுல பெரிய ஆளாமே. சொல்லுங்க, எது நல்லம்?" என்றார் நானா.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடும் பள்ளமும் கலந்த நீண்ட பாதைக்குச் சாம்பல்தான் என்றேன். நானா தலையாட்டினார். "அப்படித்தான் நானும் நெனச்ச. ஆனா போன மாசம் கொழும்புலருந்து வந்த ஒருத்தர் பச்சைதான் என்டு சொன்னாரு" என்றார். உடனே எனக்கும் பச்சைதானோ என்று தோன்றியது. வெளியே போய்ப் போனில் எங்கள் சைக்கிள் குழுவில் கேட்டேன். கோயமுத்தூரிலிருந்து ஒருவர் சாம்பல் என்றார். சேலத்திலிருந்து ஒருவர் பச்சை என்றார். மூன்றாவது ஆள், பின் ஷாக்கே வேண்டாம், எல்லாம் வியாபாரத் தந்திரம் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் எல்லோரும் எல்லோரையும் திட்டிக்கொண்டார்கள். போனை அணைத்தேன். முன்பாவது ஒரு கருத்து இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

மகேந்திரனிடம் கேட்டேன். "பச்சைண்ணே. தேயிலைக்குள்ள விழுந்தா அழுக்குத் தெரியாது" என்றார். அந்த ஒரு நாளில் நான் கேட்டதிலேயே காரணத்தோடு வந்த பதில் அதுதான்.

நானா நல்ல மனிதர். இரண்டையும் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று, ஷாக்குக்குக் காற்றடிக்கிற சின்னப் பம்பையும் தந்தார். த்ரீவீலரின் கூரையில் ஒன்று, பின்னால் ஒன்று, கழற்றிய சக்கரங்கள் என் மடியில், ஒரு ஹேண்டில்பார் என் காதுக்குப் பக்கத்தில். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, குனிந்து பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மகேந்திரன் பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். என்ன கேட்டார் என்றேன். "சைக்கிள் ஏத்துனது சரி, உள்ள மனுசன் எதுக்குன்னு கேட்டாரு" என்றார். நான் சிரிக்கவில்லை. முழங்காலில் ஒரு பல்சக்கரம் குத்திக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலையில் மழை. இந்த ஷாக்குகளில் ஒரு விஷயம் இருக்கிறது. ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி காற்று அடிக்க வேண்டும். குறைந்தால் வண்டி தொய்ந்து போகும், கூடினால் கல்லாக இருக்கும். ஆள் ஏறினால் எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டுகிற ரப்பர் வளையம் இரண்டு வண்டியிலும் அறுந்துவிட்டிருந்தது. அதனால் எடையை வைத்துத்தான் கணக்கு. செல்வராணிக்குத் தன் எடை தெரியவில்லை. லயத்தில் யாரிடமும் எடை பார்க்கிற கருவி இல்லை.

"மடுவத்துல தராசு இருக்கே" என்றாள். மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை. மத்தியானம் போனோம். பெண்கள் கொழுந்து மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். கொக்கியில் தொங்குகிற மின்தராசு, அதன் எண் தெரிகிற பக்கம் முத்தையா கணக்கப்பிள்ளைக்கு நேராக. எடையைப் பார்த்து உரக்கச் சொல்கிறவர் அவர். கொழுந்தெல்லாம் நிறுத்து முடிந்ததும் செல்வராணியை ஒரு சாக்கில் உட்காரவைத்து, நான்கு முனையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டினார்கள். அத்தனை பெண்களும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "முத்துன கொழுந்து, திருப்பி அனுப்புங்க" என்று ஒருத்தர் சொன்னார். கணக்கப்பிள்ளை சிரிக்காமல் எண்ணைச் சொன்னார்.

அடுத்து நான். எனக்கும் சாம்பல் வண்டியை ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தது. சாக்கு என்னைத் தாங்குமா என்று ஒரு விவாதம் நடந்தது, தாங்கியது. கணக்கப்பிள்ளை சொன்ன எண்ணைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திருச்சியில் இருந்ததைவிட நான்கு கிலோ குறைந்திருந்தேன். உடனே மனைவிக்குப் போன் போட்டு, மலைக்காற்று, ஏற்ற இறக்கம், எண்ணெயில்லாத ரொட்டி என்று பேசினேன். "அங்கேயே இருந்துடுங்களேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து காற்றடிக்க உட்கார்ந்தோம். நான் பம்பைப் பிடித்ததும் மகேந்திரன், "கணக்கப்பிள்ளை சொன்னதுல ரெண்டு கிலோ குறைச்சிக்கங்கண்ணே. அவ ரெயின்கோட்டும் பூட்சும் போட்டிருந்தா" என்றார். நியாயமாகத்தான் பட்டது. குறைத்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் இரண்டையும் ஓட்டிப் பார்க்கப் பாதைக்குப் போனோம். வழிகாட்டிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு செல்வராணி சாம்பலில் இறங்கினாள். முதல் கல்லிலேயே ஷாக் அடிவரை போய் 'டங்' என்று இடித்தது. மிதிக்கட்டை பாறையில் மோதியது. மூன்றாவது வளைவில் வண்டி அவளை முன்னால் தூக்கி எறியப் பார்த்தது, எப்படியோ காலை ஊன்றிக்கொண்டாள். சரி, நூறு மில்லிமீட்டர் போதாது, பச்சைதான் என்று முடிவு செய்து பச்சையைக் கொடுத்தேன். இறக்கத்தில் பரவாயில்லை. ஏற்றத்தில் அது சேற்றில் கால் வைத்த மாதிரி பின்பக்கம் புதைந்துகொண்டே போனது. பாதி மேட்டில் இறங்கித் தள்ளினாள்.

பிறகு நான் சாம்பலில் ஏறினேன். நான் எவ்வளவு தூரம் போனேன் என்பதைக் கேட்காதீர்கள். தேயிலை வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டியிருக்கிற கான் ஒன்றில் கிடந்தேன். முழங்கையில் ரத்தம், கணுக்காலில் இரண்டு அட்டை. மேலே நின்ற மகேந்திரன், "அண்ணே, வண்டிக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

ஒன்று இறக்கத்தில் ஆகாது, இன்னொன்று ஏற்றத்தில் ஆகாது. ராத்திரி நிஷாவுக்குச் சோறு ஊட்டியபடி செல்வராணி, "வண்டி சரிதாண்ணே. எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனைக்கிறேன்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மண்டைக்குள் நூறும் நூற்று முப்பதும் கோணங்களும் அளவுகளும் கிடந்து உருண்டன. எதுவும் எதோடும் ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் என் முழங்கை வீங்கியிருந்தது. மருந்து வாங்க மூன்று பேரும் பதுளைக்குப் போனோம். ஃபார்மசி வாசலில் எடை பார்க்கிற கருவி ஒன்று. குறைந்த நான்கு கிலோவை இன்னொரு முறை கண்ணால் பார்க்கலாமே என்று ஏறினேன். கருவி திருச்சி எடையைவிட ஒரு கிலோ கூடுதலாகக் காட்டியது.

உள்ளே போய் உங்கள் கருவி கெட்டுப்போயிருக்கிறது என்றேன். கவுண்டரில் இருந்த பெண் சிங்களத்தில் சொன்னதை மகேந்திரன் எனக்கு மொழிபெயர்த்தார். "அது நேத்துதான் சரிபாத்ததாம். ஐயா சாப்பாட்டக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொல்றாங்க." நான் செல்வராணியை ஏறச் சொன்னேன். அவளுக்கும் மடுவத்தில் சொன்னதைவிட நான்கு கிலோ கூடுதல்.

முதலில் புரிந்தது செல்வராணிக்குத்தான். அவள் முகம் சிவந்தது. "வாங்க, மடுவத்துக்குப் போவோம்" என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். செல்வராணி வரிசையைத் தாண்டி நேராகக் கணக்கப்பிள்ளையிடம் போய் நின்றாள். நேற்று என் எடையில் எவ்வளவு கழித்தீர்கள் என்று கேட்டாள்.

ஏமாற்றுகிற முகமே இல்லை அவருக்கு. "சாக்குக்கு ஒண்ணு. ஈரத்துக்கு மூணு. அந்த ஐயாவுக்குப் பாரம் பெருசு, கூட ஒண்ணு" என்றார். பிறகு அவரே கொஞ்சம் திகைத்து, "வழக்கமா கழிக்கிறதுதானே புள்ள. கை பழகிப்போச்சு, வாய் தானா கழிச்சிச் சொல்லிருது" என்றார்.

"கொழுந்துல கழிக்கிறீங்க, சரி. மனுசரையுமா கழிப்பீங்க?" என்றாள் செல்வராணி.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. செல்வராணியின் அம்மா மூட்டையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, "கணக்கப்பிள்ளை, அந்த நம்பரு தெரியிற பக்கத்தக் கொஞ்சம் இங்கிட்டுத் திருப்புங்க. நாங்களும் பாக்குறோம்" என்றார். கணக்கப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு திருப்பினார். அன்று மத்தியானம் முழுக்க அது அப்படியே இருந்தது. மறுநாள் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

நான் ஓரமாக உட்கார்ந்து விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். கணக்கப்பிள்ளை நான்கு கழித்தார். ரெயின்கோட்டுக்கும் பூட்சுக்கும் மகேந்திரன் இரண்டு கழித்தார். ஆனால் ஓட்டும்போது அவள் அதையெல்லாம் போட்டுக்கொண்டுதானே ஓட்டினாள். போதாததற்குத் தண்ணீர், மருந்துப்பெட்டி, ஸ்பானர் எல்லாம் வைத்த பையை நிபுணராகிய நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆளாளுக்கு நல்லெண்ணத்தோடு அந்தப் பெண்ணைப் பிய்த்துக் குறைத்துவிட்டு, வண்டி சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

காற்றைச் சரியாக அடித்தோம். சாம்பல் இடிக்கவில்லை. பச்சை புதையவில்லை. இரண்டுமே நன்றாக ஓடின. இதனால் என் நிலைமை இன்னும் மோசமாயிற்று. முன்பு இரண்டும் கெட்டவை, இப்போது இரண்டும் நல்லவை. எதைச் சொல்வது. பாரம் குறைவு என்று சாம்பலுக்கு ஓர் ஓட்டுப் போட்டேன், உடனே பச்சையின் பெரிய டயரைப் பார்த்து மனம் மாறினேன். நானாவிடம் ஒன்றைத் திருப்ப வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

செல்வராணி மாறி மாறி இரண்டையும் ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் வேகமாக இறங்கும்போது தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். எதற்கு என்று கேட்டேன். "எனக்குப் பின்னால ஆளுங்க வருவாங்கல்ல. பாக்கணுமே" என்றாள். திரும்பிப் பார்த்தால் சாம்பல் ஓரத்துக்குப் போய்விடுகிறதாம், பச்சை நேராகவே போகிறதாம். "பச்சைய எடுத்துக்கிறேண்ணே. சரிதானே?" என்றாள்.

நான் சரி என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. நீளமான வண்டி நேராகப் போகும் என்று எங்கோ படித்த ஞாபகம், ஆனால் கனமான வண்டி ஏற்றத்தில் காலை வாரும் என்பதையும் அதே இடத்தில்தான் படித்திருந்தேன். பயத்தை முகத்தில் காட்டாமல் சாம்பலை த்ரீவீலரில் ஏற்ற உதவினேன்.

சனிக்கிழமை மழை இல்லை. நமுனுகுல மலையடியிலிருந்து தேயிலைக்குள்ளேயே இறங்கித் தெமோதரைப் பக்கம் வந்து சேர வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் ஐந்து பேர். செல்வராணி பச்சை வண்டியில் முன்னால் போனாள். நானும் மகேந்திரனும் ரோடு வழியாகச் சுற்றிக் கீழே வந்து, பாதை முடிகிற இடத்தில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்தோம். முதலாளி அவருடைய வேனில் சாய்ந்து நின்றார். கட்டையான ஆள், சிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்த மாதிரி ஒரு முகம். கடையில் பராட்டா வாங்கி வைத்தேன். நான் தட்டைத் தொடவில்லை. மகேந்திரன் என் தட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார். அவருக்குப் பயம் வந்தால் பசிக்குமாம்.

முதல் ஆள் வந்தான். சேறு அப்பிய முகத்தில் ஒரே சிரிப்பு. இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். கொஞ்சம் கழித்து நான்காவது. செல்வராணி வரவில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். முன்னால் போக வேண்டியவள் எங்கே என்று மகேந்திரனிடம் கேட்டார். மகேந்திரன் எழுந்து பாதையை எட்டிப் பார்த்தார்.

அப்போது பாதையின் வளைவில் பச்சை வண்டி தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதன்மேல் உட்கார்ந்திருந்தது நடுவயதுடைய வெள்ளைக்காரப் பெண். செல்வராணி விழுந்துவிட்டாள், கை கால் உடைந்து மேலே எங்கோ கிடக்கிறாள், இந்தப் பெண் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு உதவி கேட்டு வருகிறாள் என்றே முடிவு செய்துவிட்டேன். பச்சையைத் தலையாட்டி அனுப்பிய பாவி நான்தானே என்று பாதையை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தேன்.

அந்தப் பெண்ணுக்குப் பின்னாலேயே, கடைசி மேட்டில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள் செல்வராணி. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருந்த வாடகைச் சைக்கிள் அது. செயின் இல்லை. மேட்டின் உச்சிக்கு வந்ததும் தாவி ஏறி, மிதிக்காமலே சரிவில் உருட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றாள். மூச்சு இரைத்தது.

அந்தப் பெண்ணின் செயின் இரண்டு முறை அறுந்ததாம். முதல் முறை செல்வராணி கையிலிருந்த ஒரே மாற்றுக் கண்ணியைப் போட்டு இணைத்தாள். இரண்டாவது முறை போடுவதற்கு இல்லை. அந்தப் பெண் ஏற்கெனவே பயந்து, நடந்தே திரும்பிவிடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். தன் வண்டியை அவருக்குக் கொடுத்து, மற்ற நான்கு பேரையும் வளைவுக்கு வளைவு நிறுத்தி எண்ணி அனுப்பிவிட்டு, இவள் கடைசியாக இறக்கத்தில் உருட்டியும் ஏற்றத்தில் ஓடியும் வந்திருக்கிறாள்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். முகம் மாறவில்லை. "வழிகாட்டி வண்டிய யாரு குடுக்கச் சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லலிங்க. அவங்கள விட்டுட்டு வர முடியாதுல்ல" என்றாள் செல்வராணி.

அந்த வெள்ளைக்காரப் பெண் முதலாளியிடம் ஆங்கிலத்தில் வேகமாகப் பேச ஆரம்பித்தார். திரும்பிப் போயிருப்பேன், இவள் பின்னாலேயே பேசிக்கொண்டே வந்தாள், என்ன பேசினாள் என்று ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததால் பயம் போய்விட்டது என்றார். முதலாளி தலையைச் சொறிந்தார். பச்சை வண்டியைக் குனிந்து பார்த்தார், செயின் இல்லாத வண்டியையும் பார்த்தார்.

"திங்கக்கெழம காலைல வா. வண்டிய யாருக்கும் குடுக்காதே" என்றார். வேன் கதவைத் திறந்துவிட்டு மறுபடி திரும்பி, "குடுக்க வேண்டி வந்தா குடு" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

நான்கு நாள் நான் மண்டையை உடைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்த வண்டியில் பாதி வழிக்குமேல் அவள் ஓட்டவே இல்லை. பச்சை சரியா, சாம்பல் சரியா என்று யாராவது இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. முப்பது மில்லிமீட்டரைப் பற்றி இப்போதெல்லாம் எழுதுவதில்லை.

திரும்பும் வழியில் பச்சை வண்டி கூரையில், நானும் செல்வராணியும் பின் சீட்டில். கொஞ்ச தூரம் போனதும் அவள் போனை எடுத்தாள். ஏஜென்சிக்காரரைத்தான் கூப்பிடுகிறாள் என்பது பேச ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"ஐயா, நான் செல்வராணி. நமுனுகுல. நான் வரலிங்க. இல்லைங்க, வேற ஆள் வச்சிக்கங்க. எனக்கு இங்கயே வேலை கெடச்சிருச்சு. பாஸ்போர்ட்ட மட்டும் குடுத்துருங்க, வந்து வாங்கிக்கிறேன்."

மகேந்திரன் த்ரீவீலரை ஓரம் கட்டினார். டயரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப் பின்பக்கம் போனார். ரொம்ப நேரமாக வரவில்லை. டயருக்கு என்ன ஆயிற்று என்று நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். டயர் நன்றாகத்தான் இருந்தது.

"ஒண்ணுமில்லண்ணே. அழுகையா வருது. அவ முன்னால அழுதா, குவைத்துக்குப் போறதுக்கு நானும் சரின்னு சொன்னவன்தானேன்னு நெனைப்பா. நீங்க போய் உக்காருங்க, வந்துர்றேன்" என்றார்.

நான் போகவில்லை. அவர் எழுந்திருக்கிறவரை அங்கேயே நின்றேன்.